அடியில் அடித்த விலை

சித்தி இறந்து ஒரு வருடம் கழிந்தபின், சித்தப்பா தன் வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டோடு போய் இருக்க ஒப்புக்கொண்டார். பரணில் கிடந்தவற்றில் முக்கால் பங்கு காயலான் கடைக்குத்தான் என்று முடிவானது. கடைக்காரர் எலக்ட்ரானிக் தராசை வாசல் திண்ணையில் வைத்து, பித்தளை தனி, எவர்சில்வர் தனி, அலுமினியம் தனி என்று பிரித்துக்கொண்டிருந்தார். அலுமினியக் குவியலிலிருந்து கைப்பிடி வைத்த ஒரு சிறு பாத்திரத்தை எடுத்தவர், அதைத் தராசில் போடாமல் உள்ளங்கையில் ஏந்தி மேலும் கீழும் அசைத்தார். "இது நம் ஊர்ச் சாமான் இல்லை. இத்தனூண்டு பாத்திரத்துக்கு இவ்வளவு கனம் இங்கே யாரும் போடமாட்டார்கள்" என்றபடி கவிழ்த்துப் பார்த்தார். அடியில் எழுத்துகள் அழுந்தப் பதிந்திருந்தன. "கம்பெனி பெயரா?" என்று கேட்டார்.

எனக்கு ரஷ்ய எழுத்துகளைக் கூட்டிப் படிக்க வரும். ஏழாம் வகுப்புக் கோடை விடுமுறையில் சித்தப்பா பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது. "பெயர் இல்லை, விலை. ஒரு ரூபிள் 20 கோபெக்" என்றேன்.

"விலையையா இப்படி உலோகத்தில் அடித்து வைத்தார்கள்? நாளைக்கு ஏறினால் என்ன செய்வார்கள், ராவிவிட்டு வேறு அடிப்பார்களா?"

சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்த சித்தப்பா, கண்ணைத் திறக்காமலே "ஏறாது" என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று காலை எங்கள் வாசலில் நின்றபடியே இரண்டு தடவை செம்பு என்ன விலை போகிறது என்று செல்பேசியில் விசாரித்தவர் அவர். எட்டு மணி விலை பத்து மணிக்கு நிற்காத தொழில். அவரிடம் போய் "ஏறாது" என்றால் சிரிக்கத்தான் செய்வார். பாத்திரத்தை மட்டும் நான் எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டேன். அது இப்போது என் மேசைமேல் இருக்கிறது. ஆறு மாதமாக அந்த ஒற்றைச் சொல்லும் கூடவே இருக்கிறது.

சோஷலிசத்தில் பணமும் விலையும் வேண்டுமா என்ற விஷயத்தில் எனக்கு இரண்டு கட்சிகள் உண்டு, இரண்டிலும் நான் இருந்திருக்கிறேன். சித்தப்பா 1974 முதல் 1980 வரை மாஸ்கோவில் இன்ஜினியரிங் படித்தவர். எங்கள் வீட்டில் மலிவு விலை சோவியத் புத்தகங்கள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். கம்யூனிசம் முற்றினால் பணம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும் என்று அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். உலகம் முழுக்க வென்றபின் தங்கத்தை வைத்துப் பெரிய நகரங்களின் தெருக்களில் பொதுக் கழிப்பறைகள் கட்டலாம் என்று லெனின் 1921-இல் எழுதியதை அவர் சொல்லும்போது, நகைக்கடைச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்த சித்தியைத் திரும்பிப் பார்த்துச் சொல்வார். பிறகு வேலைக்குப் போனேன். சம்பளம் வந்த இரண்டாம் வருடமே மறு கட்சிக்குத் தாவி, விலை இல்லாமல் ஒரு திருகாணிகூட நகராது என்று அவரிடமே வாதாடத் தொடங்கினேன். யோசித்தால் இரண்டு அபிப்பிராயத்துக்கும் நான் உழைக்கவே இல்லை. முதலாவதை வீடு கொடுத்தது, இரண்டாவதை ஆபீஸ் கொடுத்தது. பாத்திரத்தின் அடியில் இருக்கும் அந்த விலைதான் இரண்டையும் கெடுத்தது. பணத்தை ஒழித்த நாடு விலை அடித்திருக்காது. பணத்தை நம்பிய நாடு அதை உலோகத்தில் அடித்திருக்காது.

கூட்ட முடியாத பத்திகள்

நான் ஒரு பம்ப் ஆலையில் காஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். இரும்பை உருக்கி வார்க்கிற பிரிவு அல்ல, அடக்கவிலை போடுகிற பிரிவு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் இந்த விளக்கம். ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக் பம்பு ஒன்றுக்கு நான் தயாரிக்கும் தாளில் வார்ப்பிரும்பு இத்தனை கிலோ, செம்புக் கம்பி இத்தனை கிலோ, ஸ்டாம்பிங், பேரிங், ஆள் நேரம், மின்சார யூனிட் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ரூபாய். கடைசியில் கூட்டல். ஒருநாள் மதியம் வேலை இல்லாத நேரத்தில், ரூபாய்ப் பத்தியை மட்டும் மறைத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தேன். கிலோ, எண்ணிக்கை, மணி, யூனிட். எதையும் எதனோடும் கூட்ட முடியாது. மோட்டாருக்குச் செம்பு சுற்றுவதா அலுமினியம் சுற்றுவதா என்று எங்கள் ஆலையில் வருடம் ஒருமுறையாவது சண்டை வரும். செம்பு சுற்றினால் சூடு குறைவு, ஆயுள் அதிகம். அலுமினியம் மலிவு. அந்த "மலிவு" என்ற சொல்லை எடுத்துவிட்டால் சண்டையே இல்லை, எல்லோரும் செம்புதான் கேட்போம். நாடு முழுக்க எல்லோரும் செம்பு கேட்டால் யாருக்கு இல்லை என்பது?

வியன்னாவைச் சேர்ந்த பொருளியலாளர்கள் இருவர் நூறு வருடங்களுக்கு முன் மோதிக்கொண்டது இதே தாளை வைத்துத்தான் என்று இப்போது எனக்குப் புரிகிறது. ஆட்டோ நியூராத், போர்க்காலத்தில் அரசு பணத்தைப் பார்த்துத் திட்டமிடவில்லை, பீரங்கியையும் ரொட்டியையும் நேரடியாகப் பார்த்துத் திட்டமிட்டது, அமைதிக் காலத்திலும் அப்படியே செய்யலாம் என்றார். எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சுருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது அவர் கட்சி. லுட்விக் ஃபான் மிஸஸ் 1920-இல் எழுதிய பதில், சந்தை விலை இல்லாவிட்டால் எது சிக்கனம் எது வீண் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை என்பது. வேலைக்குப் போன புதிதில் மிஸஸ் சொன்னதோடு வழக்கு முடிந்தது என்று நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதி இல்லை. எங்கள் தாளின் கடைசி வரியில் வரும் எண்ணில், வார்ப்படச் சாலைப் புகையைச் சுவாசிக்கிறவரின் நுரையீரல் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சுருக்கினால் சில விஷயங்கள் சுருங்குவதோடு நிற்காமல் காணாமலே போகும் என்று நியூராத் பயந்தது நியாயம்தான். ஆனாலும் செம்புச் சண்டைக்கு அவரிடம் என்ன பதில் என்று தேடினால், திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்து முடிவெடுங்கள் என்பதற்கு மேல் என் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

உழைப்பு நேரத்தில் கணக்கிடலாமே என்பது பழைய பதில். சோஷலிஸ்டான ராபர்ட் ஓவன் 1832-இல் லண்டனில் ஒரு உழைப்புப் பரிமாற்றக் கூடமே திறந்தார். செய்த பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதற்கான மணிநேரம் அச்சிட்ட சீட்டுக் கிடைக்கும். சீட்டைக் கொடுத்து வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம். தேவைப்பட்ட பொருள்கள் சீக்கிரம் தீர்ந்தன, தேவைப்படாதவை அலமாரியில் தங்கின, இரண்டு வருடத்தில் கூடத்தை மூடினார்கள். மார்க்ஸ் 1875-இல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா திட்டத்தை விமர்சித்து எழுதியதிலும் இதற்குச் சொந்தமான ஒரு சீட்டு வருகிறது. பொது நிதிக்குக் கழித்ததுபோக, எத்தனை மணி உழைத்தாய் என்று சமூகம் ஒரு சான்று தரும். அதைக் காட்டிப் பொதுக் களஞ்சியத்திலிருந்து அதே அளவு உழைப்புள்ள பொருளை எடுத்துக்கொள்ளலாம். அது பணம் அல்ல, ஏனென்றால் அது கைமாறிச் சுற்றுவதில்லை. ஓவனின் சீட்டைப் பற்றியே அவர், நாடகக் கொட்டகை டிக்கெட் எந்த அளவுக்குப் பணமோ அந்த அளவுக்குத்தான் இதுவும் பணம் என்றார். கிழித்துக் கொடுத்தால் அதன் ஆயுள் முடிந்தது. அதை வட்டிக்கு விட முடியாது, அதை வைத்து ஆள் வாங்க முடியாது. இந்த இடம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் என் தொழில்புத்தி ஒரு கேள்வியோடு நிற்கிறது. ஒரு ஜோடி பூட்ஸுக்கு ஆறு மணிநேர உழைப்பு என்று வையுங்கள். பூட்ஸ் நூறு ஜோடி இருக்கிறது, ஆறு மணிச் சீட்டோடு முந்நூறு பேர் நிற்கிறார்கள். சீட்டு நியாயமானது, விலை நியாயமானது, இருநூறு பேர் வெறுங்காலோடு போகிறார்கள். யார் அந்த இருநூறு பேர் என்பதைச் சீட்டு சொல்லாது.

1920 டிசம்பர்

புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில், பணத்தை ஒழிக்க முனைந்ததில் உலகத்திலேயே பெரிய முயற்சி நடந்த குளிர்காலம் அது. திட்டமிட்டு ஒழித்தார்களா, உள்நாட்டுப் போரில் அது தானாகச் செத்ததற்குப் பிறகு கொள்கை கற்பித்தார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இரண்டும் கலந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அரசு செலவுக்கு நோட்டை அச்சிட்டுக்கொண்டே போனது. நோட்டு அச்சிடும் இயந்திரம் நிதி அமைச்சகத்தின் இயந்திரத் துப்பாக்கி, அது முதலாளித்துவ முறையைப் பின்புறமிருந்து சுட்டது என்று போல்ஷெவிக் பொருளியலாளர் பிரியோபிரஷென்ஸ்கி அதையே ஒரு வெற்றியாக எழுதினார். 1920 தொடக்கத்தில் வங்கியை மூடினார்கள். டிசம்பரில் வரிசையாக ஆணைகள்: உணவுப் பங்கீட்டுக்குக் காசு வேண்டாம், நுகர்பொருளுக்கு வேண்டாம், எரிபொருளுக்கு வேண்டாம். ஜனவரி 1921-இல் வீட்டு வாடகையும் இல்லை. ரூபிளுக்குப் பதிலாக 'த்ரெத்' என்ற உழைப்பு அலகில் நாட்டின் கணக்கை எழுதலாம் என்று ஸ்த்ருமிலின் என்ற பொருளியலாளர் திட்டம் வரைந்துகொண்டிருந்தார். சாதாரண உழைப்பாளி ஒருவரின் ஒரு நாள் உழைப்பு ஒரு த்ரெத்.

எல்லாம் இலவசம் என்று ஆணை வந்தபோது களஞ்சியத்தில் எதுவும் இல்லை. 1917-இல் இருபது லட்சத்தைத் தாண்டி மக்கள் இருந்த பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) 1920-இல் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர்தான் மிஞ்சினார்கள். பங்கீடு வர்க்கப்படி: உடல் உழைப்பாளிக்கு முதல் தரம், பழைய பணக்காரனுக்குக் கடைசித் தரம். யார் எந்தத் தரம் என்று எழுதுகிறவரின் மேசைதான் அந்த ஊரின் உண்மையான கல்லாப்பெட்டி. கல்லாப்பெட்டிக்கு வெளியே 'மெஷோச்னிக்'குகள் இருந்தார்கள். முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் கூரையில் தொற்றி, கிராமத்துக்குப் போய்த் துணியும் உப்பும் கொடுத்து மாவு வாங்கி வருகிறவர்கள். ஊருக்குள் வந்த உணவில் பெரும்பகுதி அந்த மூட்டைகளில்தான் வந்தது. காகித ரூபிள் செத்த இடத்தில் உப்பும் மாவும் பணமாகிவிட்டன. 1921 மார்ச்சில் குரோன்ஷ்தாத் கடற்படைத் தளத்து மாலுமிகள் கிளர்ந்தார்கள். அந்த மாதமே கட்சி இந்தக் கொள்கையிலிருந்து பின்வாங்கியது. நவம்பரில் வங்கி திரும்ப வந்தது, மறு வருடம் தங்கப் பின்புலத்தோடு செர்வோனெத்ஸ் நோட்டு வந்தது. 1924-இல் கணக்குத் தீர்த்தபோது 1922-க்கு முந்தைய 5,000 கோடி ரூபிளுக்கு ஒரு புது ரூபிள் கொடுத்தார்கள். கழிப்பறைக்குத் தங்கம் என்ற அந்த வரி இந்தப் பின்வாங்கலின் நடுவே எழுதப்பட்டது என்பதைச் சித்தப்பா எங்களிடம் சொன்னதில்லை. அதே கட்டுரையில் லெனின், இப்போதைக்குத் தங்கத்தைச் சேமியுங்கள், கூடிய விலைக்கு விற்றுக் குறைந்த விலைக்குச் சரக்கு வாங்குங்கள் என்றும் எழுதியிருந்தார். பத்து வருடம் கழித்து, 1932-33 பஞ்சத்தில், அந்த அரசின் தோர்க்சின் கடைகள் தன் குடிமக்களின் கல்யாண மோதிரங்களை எடை போட்டு வாங்கிக்கொண்டு மாவு கொடுத்தன. இதையும் சொன்னதில்லை.

கம்போடியாவைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. 1975-இல் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் பணத்தை ஒரேயடியாகத் தடை செய்து, புனோம்பென் மத்திய வங்கியை வெடிவைத்துத் தகர்த்தது. அடுத்த நாலு வருடம், கஞ்சி ஊற்றும் கரண்டி யார் கையில் இருந்ததோ அவரிடம் உயிர் இருந்தது. 1980-இல் பணம் திரும்பி வரும்வரை ஜனங்கள் அரிசியைப் பால் டப்பாவில் அளந்து அதையே பணமாகப் புழங்கினார்கள்.

யானை டீ

இதையெல்லாம் படித்துத் தலையை நிரப்பிக்கொண்டுதான் தீபாவளிக்குச் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். வழக்கம்போல வாதாடும் எண்ணம். பாத்திரத்தைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். அதைப் பார்த்ததும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஏறாது என்றீர்களே, ஏன் ஏறாது?" என்று கேட்டேன். "ஏற்றிப் பார்த்தார்கள், கண்ணு" என்றார்.

1962 ஜூன் 1-ஆம் தேதி சோவியத்தில் குருஷ்சேவ் அரசு இறைச்சிக்கு ஏறக்குறைய 30 சதவீதமும் வெண்ணெய்க்கு 25 சதவீதமும் விலை ஏற்றியது. பொருளாதாரப்படி அது சரியான முடிவு, விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை. நோவோசெர்காஸ்க் ரயில் இன்ஜின் ஆலையில் அதே சமயத்தில் கூலி விகிதத்தையும் குறைத்திருந்தார்கள். தொழிலாளர்கள் ஊர்வலமாக வந்தார்கள், ராணுவம் சுட்டது, 26 பேர் செத்தார்கள், பிறகு ஏழு பேருக்கு மரண தண்டனை. கால் நூற்றாண்டுக்கு மேல் சோவியத் பத்திரிகைகளில் செய்தி வரவில்லை. அதன்பின் எந்தத் தலைவரும் அரசுக் கடை இறைச்சி விலையில் கை வைக்கத் துணியவில்லை, 1991 வரை. மாஸ்கோ மெட்ரோவும் 1961-இலிருந்து 1991 வரை ஐந்து கோபெக்தான். ரொட்டி தீவனத்தைவிட மலிவாக இருந்ததால் கிராமத்தில் பன்றிக்குப் போட்டார்கள். விலையை உலோகத்தில் அடித்தது நம்பிக்கையால் மட்டும் இல்லை போலும். கொஞ்சம் பயமும் கலந்திருக்கிறது. "நான் படிக்கும் காலத்தில் இது எனக்குத் தெரியாது, 1989 வாக்கில் பத்திரிகையில் படித்தேன்" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா கொஞ்ச நேரம் பாத்திரத்தின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு பூட்ஸ் கதையைச் சொன்னார். முப்பது வருடப் பழக்கத்தில் அவர் சொல்லாத கதை அது. 1977 அக்டோபர். ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். பழைய பூட்ஸின் அடி பிளந்துவிட்டது, பனி தொடங்கப்போகிறது. உதவித்தொகை மாதம் 90 ரூபிள். ஊருக்குப் போய் வந்த மாதங்களின் தொகை சேர்ந்து பெட்டிக்குள் 200 ரூபிளுக்குமேல் இருக்கிறது. நாலு கடை ஏறி இறங்கினார். பூட்ஸ் இல்லை என்று சொல்ல முடியாது, இருந்தது; ஆனால் ஒரே அளவு, அட்டை மாதிரி விறைத்த தோல், அதை யாரும் வாங்கவில்லை. நல்லது யுகோஸ்லாவியாவிலிருந்து வரும். வந்தால் அங்கே 'விற்பனைக்கு வந்திருக்கிறது' என்று சொல்லமாட்டார்களாம், 'எறிந்திருக்கிறார்கள்' என்பார்களாம். எறிந்த இடத்துக்கு நாம் போய்ச் சேரும்போது வரிசை தெருமுனையைத் திரும்பியிருக்கும். அதற்காகவே எல்லோர் பையிலும் ஒரு வலைப்பை மடித்து இருக்கும். அதன் பெயர் அவோஸ்கா. 'ஒருவேளை கிடைத்தால்' என்ற பொருள் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. 'வாங்கினேன்' என்ற வினைச்சொல்லையே நல்ல பொருளுக்கு யாரும் பயன்படுத்தவில்லை, 'பெற்றுவிட்டேன்' என்பார்கள் என்றார். நம் ஊரில் வேலை 'வாங்கிவிட்டான்', சீட் 'வாங்கிவிட்டான்' என்கிறோமே, அந்தத் தொனி.

விடுதிப் பொறுப்பாளர் ஒரு அம்மாள். அவருடைய தங்கை ஏதோ கிடங்கில் வேலை. சித்தப்பா தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் ரூபிளைப் பற்றிப் பேசவே இல்லை. "இந்தியாவுக்குப் போய் வந்தாயே, டீ கொண்டுவந்தாயா?" என்று மட்டும் கேட்டாராம். அங்கே மஞ்சள் பொட்டலத்தில் யானைப் படம் போட்டு இந்தியத் தேயிலை விற்பார்கள். அதுவும் எறியப்படுகிற சாமான்தான், லேசில் கிடைக்காது. சித்தப்பா பெட்டியில் குன்னூரில் வாங்கிய தேயிலை இரண்டு கிலோ இருந்தது. அவருக்கு ஊர் டீ இல்லாமல் படிப்பு ஓடாது. அதில் அரைக் கிலோவை ஒரு செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் கட்டிலுக்கடியில் பூட்ஸ் இருந்தது. விலையாக 38 ரூபிளும் கொடுத்திருக்கிறார், ரசீதோடு. "அந்த 38 ரூபிள் நுழைவுச் சீட்டுக்கூட இல்லை, கண்ணு. நுழைந்த பிறகு கட்டுகிற வரி. நுழையவைத்தது டீ" என்றார். "பெட்டியில் இருநூறு ரூபிள் வைத்துக்கொண்டு ஏழையாக நின்றேன். அதே பெட்டியில் இரண்டு கிலோ டீ வைத்துக்கொண்டு பணக்காரனாக நின்றேன். இரண்டும் ஒரே நாளில்."

நான் வாதாடத் தயாராக வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்தில் உதிர்ந்துவிட்டது. சோவியத்தில் பணம் இருந்ததா இல்லையா என்று கேட்டால் இருந்தது. ஸ்டாலினே 1934-இல், பணம் சீக்கிரம் ஒழியும் என்பது இடதுசாரி வெற்றுப் பேச்சு என்று மேடையில் கிண்டல் செய்தார். ஆனால் அந்தப் பணத்துக்குப் பணத்தின் வேலையைக் கொடுக்கவில்லை. ஆலைகளுக்குள் இன்னும் வேடிக்கை. ஆலையின் கணக்கில் இருக்கும் ரூபிளைக் கையில் எடுக்க முடியாது, சம்பளத்துக்கு மட்டும்தான் ரொக்கம். செம்பு வாங்கக் கணக்கில் ரூபிள் இருந்தால் போதாது, இத்தனை டன் செம்பு உனக்கு என்று மேலிடம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்கியும் வராது. அதை வரவழைக்கவே 'தொல்காச்' என்று ஒரு ஆள். தள்ளுகிறவர் என்று பொருள். கையில் கோன்யாக் பாட்டிலோடு ரயிலேறி ஊர் ஊராகப் போய்த் தள்ளுவார். என் அடக்கவிலைத் தாளில் அவருக்கு ஒரு பத்தி போட வேண்டுமென்றால் எந்த அலகில் போடுவது? இலக்கை டன்னில் கொடுத்தால் சரவிளக்குகளைக் கனமாகச் செய்து இலக்கை முடித்தார்கள் என்று குருஷ்சேவே ஒருமுறை புலம்பினார். என் மேசைப் பாத்திரத்தின் கனத்துக்கும் அதுதான் காரணம் என்பது என் ஊகம். காயலான் கடைக்காரரின் கைதான் அதை முதலில் கண்டுபிடித்தது.

'இல்லை' என்பவர்

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குள் ஒரு வாக்கியம் சேர்ந்தது. பொருள் குறைவாக இருக்கும்வரை யாராவது யாருக்காவது 'இல்லை' என்று சொல்லியாக வேண்டும். பணம் என்பது அப்படி 'இல்லை' சொல்ல ஒரு வழி. அதை எடுத்துவிட்டால் 'இல்லை' ஒழியாது, அது வரிசையின் நீளத்துக்கோ, பட்டியல் எழுதுகிறவருக்கோ, கிடங்கில் தங்கை இருக்கிறவருக்கோ மாறும். பணத்தின் 'இல்லை'க்கு முகம் கிடையாது, யார் காலிலும் விழ வேண்டியதில்லை. ஆகவே பூட்ஸுக்கு, புடவைக்கு, மீனுக்கு, சினிமாவுக்கு, எந்தச் சோஷலிசத்திலும் ஏறி இறங்கும் விலையும் அதைக் கொடுக்கச் செல்லுபடியாகும் பணமும் வேண்டும். அது மார்க்ஸின் சீட்டு மாதிரி ஒருமுறையோடு கிழிகிற பணமாக இருந்தாலும் சரி, என் கணக்கில் அது பணம்தான். வீடு வருவதற்குள் ஏறக்குறைய கட்டுரையே தயாராகிவிட்டது.

இரவு படுத்தபின் அப்பா ஞாபகம் வந்தது. நாலு வருடத்துக்கு முன் ஒரு நள்ளிரவு, நெஞ்சுவலியோடு அவரை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஸ்ட்ரெச்சரை ஓரமாக நிறுத்திவிட்டு, கல்லாவில் 50,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னார்கள். என்னிடம் கார்டு இருந்தது, தேய்த்தேன், கதவு திறந்தது. எனக்குப் பின்னால் லுங்கி கட்டிய ஒருவர், மனைவியை அழைத்து வந்தவர், ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "காலையில் கட்டிவிடுகிறேன் தம்பி, ஊரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று கல்லாவில் இருந்த இளைஞரிடம் மூன்று முறை சொன்னார். அந்த இளைஞர் முரடர் இல்லை. மிகவும் தணிந்த குரலில், "என் கையில் எதுவும் இல்லை அண்ணா" என்றார். நான் கார்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அப்பா பிழைத்தார். அந்த மனைவி என்ன ஆனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பணத்தின் 'இல்லை'க்கு முகம் கிடையாது என்று மேலே எழுதியிருக்கிறேன். அழித்துவிடலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும்.

மாஸ்கோவில் சித்தப்பாவுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. ஆம்புலன்ஸ், அறுவை, ஒன்பது நாள் படுக்கை, சாப்பாடு. எவரும் எங்கேயும் காசு கேட்கவில்லை. முடிந்தபின் அறைத்தோழன் ஒரு பெட்டி சாக்லேட் வாங்கிப்போய் டாக்டர் மேசையில் வைத்தானாம். அது நன்றியா, அடுத்த முறைக்கான டீயா என்று தனக்கு இன்றும் தெரியாது என்கிறார். ஆனால் சாக்லேட் அறுவைக்குப் பிறகு வந்தது. அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடல்வாலை யாரும் ஆசைப்பட்டு இரண்டு முறை அறுத்துக்கொள்ளமாட்டார்கள். பூட்ஸ் அப்படி இல்லை. ஒருவருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை உடம்பே சொல்லிவிடுகிற இடத்தில் பணம் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். மனசு சொல்கிற இடத்தில் அதைப் பேசவிட வேண்டும். சோவியத்துக்காரர்கள் முதல் பாதியைச் செய்தார்கள். இரண்டாம் பாதியில் பணத்தின் வாயைக் கட்டிவிட்டு அதைப் பணம் என்றே அழைத்தார்கள். நாம் முதல் பாதியில் பணத்தைக் கூவவிட்டிருக்கிறோம். வீடு எந்தப் பாதியில் வரும், படிப்பு எந்தப் பாதியில் வரும் என்று கேட்டால் எனக்கு இன்னும் தடுமாற்றம் உண்டு. படிப்பை முதல் பாதியில் வைப்பேன். வீட்டுக்குக் கூரை முதல் பாதி, கடற்கரை ஜன்னல் இரண்டாம் பாதி என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். என் மனைவி, அந்தக் கோட்டை யார் கிழிப்பது என்றார். சரியான கேள்வி. பட்டியல் எழுதுகிறவர் மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

குருஷ்சேவ் காலத்துக் கட்சித் திட்டம், 1961-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது, 1980-க்குள் வாடகையும் பஸ்ஸும் இலவசம் என்று எழுதி வாக்குக் கொடுத்தது. 1980 வந்தது. கம்யூனிசத்துக்குப் பதில் ஒலிம்பிக்ஸ் வந்திருக்கிறது என்று அறைத்தோழன் சொல்லிச் சிரித்ததைச் சித்தப்பா அன்று கிளம்பும்போது சொன்னார். அந்த வருடம்தான் அவர் ஊர் திரும்பினார். பெட்டியில் புத்தகங்கள், ஒரு மேலங்கி, இந்தப் பாத்திரம். சித்தி கல்யாணமாகி வந்த நாள் முதல் இதில்தான் பால் காய்ச்சியிருக்கிறார். கைப்பிடி ஆணி ஒருமுறை கழன்று, பூமார்க்கெட் பக்கம் கொடுத்து அடித்திருக்கிறார்கள். அந்த ஆணி மட்டும் இந்த ஊர்.

பாத்திரத்தைத் திரும்பப் பையில் வைக்கும்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "இதை எங்கே வாங்கினீர்கள் சித்தப்பா? இதற்கும் வரிசையில் நின்றீர்களா?"

"நான் எங்கே வாங்கினேன்" என்றார். "பூட்ஸோடு அந்த அம்மாள் கொடுத்தது. அரைக் கிலோ டீ பூட்ஸுக்கு அதிகம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மீதிச் சில்லறைக்கு இதை வைத்தார்."